வெறுங்கை பட்ட லீவர்

6

"யோவ்! கையை எடுய்யா!"

நெட் பார்ஜெட் வெலவெலத்துப் போனான். அவன் செய்த குற்றம் பெரிதாக ஒன்றும் இல்லை. டன்னிங்கோட் சந்திப்பின் புத்தம் புது சிக்னல் கேபினுக்குள் நுழைந்தவன், வரிசையாக நின்ற இரும்பு லீவர்களில் ஒன்றின் தலையைச் சும்மா தொட்டுப் பார்த்தான். அதற்குத்தான் இந்தக் கூப்பாடு.

"ஏன், கடிக்குமா?" என்றான்.

"கடிச்சா பரவாயில்லையே, ஒரு தொல்லை ஒழியும்." தற்காலிக சிக்னல்காரர் ஜோப் வெதரால் தோளில் கிடந்த துணியை உருவி, நெட் தொட்ட இடத்தைக் குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் துடைத்தார். "பளபளப்பு இரும்பு தம்பி இது. வெறுங்கை வேர்வை பட்டா விடியறதுக்குள்ள துரு ஏறிடும். கேபின்ல வேலை பாக்கிறவன் எவனும் துணி இல்லாம லீவரைத் தொட மாட்டான். பொண்டாட்டி கையை வேணா துணி இல்லாம பிடிப்பான்."

"என் கைக்கு இவ்வளவு மரியாதை இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்லை."

"ஏற்கெனவே ஒரு எருமை வந்து பிடிச்சிட்டுப் போனது போதாதா? இங்க பாரு!"

மூன்றாம் எண் சிவப்பு லீவரிலும் ஒன்பதாம் எண் கறுப்பு லீவரிலும், கைப்பிடியைச் சுற்றி ஒரு முழு உள்ளங்கை, விரல்கள் சகிதம், செம்பழுப்பாகப் பூத்திருந்தது. ஜோப் அதைத் தேய்த்துத் தேய்த்துத் தோற்றுப் போயிருந்தார்.

அதுவரை ஜன்னல் பக்கம் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்த ஹெப்ஸிபா குரோல் மெதுவாகத் திரும்பினார்.

குட்டையான, பருத்த பெண்மணி. இறந்துபோன போலீஸ்காரக் கணவரின் மூளையும் சேர்த்து எப்போதும் தன்னிடம்தான் இருந்தது என்று சொல்லிக்கொள்பவர். துப்பறிவதையே பிழைப்பாக்கிக் கொண்டவர். நெட் அதற்கு முன் நாடகக் கொட்டகையில் கோமாளியாக இருந்தான். ஒருநாள் ரசிகர்கள் முட்டைக்கோஸ் வீசியபோது ஓடிவந்து ஒளிந்த குடை அம்மையாருடையது. அன்றிலிருந்து அவன் அவருடைய உதவியாளன்.

"இந்தக் கை எப்ப வந்துச்சு, மிஸ்டர் வெதரால்?"

"விபத்துக்கு மறுநாள் விடியக்காலை நான் வேலைக்கு வந்தப்பவே லேசா சிவந்திருந்துச்சு மேடம். ராத்திரி பூரா கேபினைப் பூட்டித்தான் வெச்சிருந்தாங்க."

"சாவி?"

"ஒண்ணு சூப்பரின்டெண்டன்ட் ஹார்க்னஸ்கிட்ட. இன்னொண்ணு கேபினைக் கட்டின மிஸ்டர் ப்ளன்ட்கிட்ட."

"ஹார்க்னஸ் கையா இருக்குமோ?"

ஜோப்புக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவரா? கேபின்ல லீவர் பிடிச்சு மேல வந்த மனுஷன் மேடம். தூக்கத்துல லீவரைப் பிடிச்சாக்கூட தலையணை உறையைச் சேத்துத்தான் பிடிப்பார்."

"அப்ப ப்ளன்ட்தான்!" என்று நெட் துள்ளினான். "கேஸ் முடிஞ்சுது. வாங்க மேடம், பன்றிக்கறிப் பையைப் பிரிப்போம்."

"ஒரு ஆள் தான் கட்டின கேபினுக்குள்ள ராத்திரி வந்து தான் மாட்டின லீவரைப் பிடிச்சுப் பாத்தா அது எந்தச் சட்டத்துல குத்தம்? ஏன் வந்தான்னு தெரியணும். பையைத் தொடாதே."

மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட அந்தப் 'பை' பலகாரம்தான் இந்த வழக்குக்கு அம்மையார் வாங்கிய கூலி. சிக்னல்காரர் தோபியாஸ் கிரிம்லியின் மனைவி செலீனா தன் கையால் சுட்டு, துணியில் சுற்றிக் கொடுத்தது. கொடுக்கும்போது அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் நெட்டுக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

நடந்தது இதுதான். புதன்கிழமை மாலை, பச்சை காட்டிய சிக்னலை நம்பி வந்த தபால் ரயில், நேராகப் போகவேண்டியது, திரும்பி, வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளமான சைடிங்கில் நுழைந்து, அங்கே நின்ற சீஸ் வண்டிகளின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ரயில் கார்டுக்குக் கால் முறிந்தது. அந்த மாவட்டத்தின் காதல் கடிதம், கடன் கடிதம், சாவுக் கடிதம் எல்லாம் இரண்டு நாளாக ஒரே சீஸ் வாசனையோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்து கொண்டிருந்தன. பழி போட ரயில் கம்பெனிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கிரிம்லி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். இன்று பிற்பகல் ரயிலில் கான்ஸ்டபிள் அவரை மாவட்டச் சிறைக்குக் கொண்டு போகிறார். கிரிம்லி குடியிருக்கும் வீடு கம்பெனியுடையது. அவர் சிறைக்குப் போனால் செலீனா தெருவுக்குப் போகவேண்டியதுதான்.

கிரிம்லியை ஸ்டேஷனின் விளக்கு அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். நெடுநெடுவென்று உயரமான மனிதர். மண்ணெண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"பாயின்ட்டை நேர் வழிக்குத் திருப்பிட்டுத்தான் சிக்னல் கொடுத்தேன் அம்மா. சத்தியமா."

"பாயின்ட்னா?" என்றான் நெட்.

"தண்டவாளம் ரெண்டாப் பிரியற இடம். ஒன்பதாம் நம்பர் லீவர். அதை இழுத்தா வண்டி சைடிங்குக்குப் போகும், தள்ளி வெச்சா நேராப் போகும். மூணாம் நம்பர் சிக்னல்."

ஹெப்ஸிபா ஒரு எண்ணெய் டப்பாவின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். "தபால் வண்டிக்கு முன்னாடி கடைசியா சைடிங்குக்குப் போனது எது?"

"சீஸ் வண்டிங்க."

"அதுங்களை உள்ள விட ஒன்பதை இழுத்திருப்பீங்க. அப்புறம்?"

"அப்புறம்... கெட்டில் பொங்குச்சு. அதை இறக்கி வெச்சேன். மணி அடிச்சுது, தபால் வண்டி வருதுன்னு. உடனே..."

"உடனே?"

கிரிம்லி பெரிய கைகள் இரண்டாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நெட் அம்மையாரைத் திரும்பிப் பார்த்தான். நம்ம ஆளே பொய் சொல்லியிருக்கிறான்!

"திருப்பலை அம்மா," என்று விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மறந்துட்டேன். ஆனா மூணாம் நம்பர் கையோட வந்துச்சே! ஒன்பது தப்பா இருந்தா மூணு வரவே கூடாது. கீழ் அறையில பூட்டு இரும்பு இருக்கு, அது பிடிச்சு நிறுத்தணும். பத்து ஆளு தொங்கினாலும் அசையக்கூடாது. கொஞ்சம் முனகிச்சு, ஆனா வந்துச்சு. லீவர் வந்தா வழி சரின்னு அர்த்தம். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் வேலை பாக்கிறோம். இதைச் சொன்னா யார் நம்புவா? அதான் பொய் சொன்னேன்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா என் முழங்கால் வலியாவது மிச்சமாயிருக்கும்," என்று ஹெப்ஸிபா எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. "நெட், கீழ் அறைக்குப் போவோம்."

கேபினின் கீழ்த்தளம் செங்கல் கட்டிடம். மேலே ஜன்னல்களும் மரச்சுவரும் பூவேலை செய்த கூரை ஓரமுமாக வீடு மாதிரி இருந்தாலும், கீழே அது வேறு உலகம். மேலிருந்து இறங்கிவரும் லீவர் கால்கள், குறுக்கே கம்பிகள், அந்தக் கம்பிகளின் பள்ளங்களில் விழுந்து ஒன்றை ஒன்று தடுக்கும் பூட்டு இரும்புகள். சூப்பரின்டெண்டன்ட் ஹார்க்னஸ் வாசலில் கடிகாரத்தோடு நின்றார். ஆக்டேவியஸ் ப்ளன்ட் உள்ளே, தங்கச் சங்கிலி தொங்கும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பவர் போல் கைகளை விரித்தார்.

"வாங்க மேடம்! தாராளமாப் பாருங்க! கேபின் திறக்கறதுக்கு முன்னாடி சோதனை பண்ண அரசாங்கத்துக் கர்னல் வந்து இதே இடத்துல குனிஞ்சு பாத்துட்டு, 'ப்ளன்ட், உம்ம இரும்பு பேசுதுய்யா'ன்னு சொன்னார்."

"பேசத் தெரிஞ்ச இரும்பா இருந்தா சாட்சிக் கூண்டுலயே ஏத்திடலாமே," என்றான் நெட்.

கிரிம்லி சொன்னதை ஹெப்ஸிபா ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். ப்ளன்ட் சிரித்தார். ஹார்க்னஸ் சிரிக்கவில்லை. நேராக வெளிப்படி ஏறி மேலே போனார்.

"ஒன்பதை இழுக்கறேன்!" என்று மேலிருந்து குரல் வந்தது. கம்பி ஒன்று நகர்ந்தது. பூட்டு இரும்பு பள்ளத்தில் 'டங்' என்று விழுந்தது. "இப்ப மூணு!"

மேலே ஒரு முக்கல். இன்னொரு முக்கல். கூரையே அதிரும்படி பூட்ஸ் உதைக்கும் சத்தம். கீழே எதுவும் இம்மி அசையவில்லை.

"நகரலை!" என்றது குரல். அதில் வருத்தமும் இருந்ததை நெட் கவனித்தான். ஹார்க்னஸுக்கும் கிரிம்லியைப் பிடிக்கும் போலிருக்கிறது.

"பாத்தீங்களா?" ப்ளன்ட் கைகளைத் தட்டினார். "ஒன்பது இழுத்திருந்தா மூணு வராது. மூணு வந்துச்சுன்னு சொல்றவன் புளுகன். பாவம், புதுப் புதுப் புளுகா யோசிக்கிறான்."

ஹார்க்னஸ் இறங்கி வந்து, கையில் இருந்த துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மன்னிச்சுக்குங்க, மிஸஸ் குரோல். ரயில் வந்ததும் கிரிம்லியை அனுப்பிடறேன்."

நெட்டுக்கு அந்தப் பன்றிக்கறிப் பை கனத்தது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான். அவனுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது அபூர்வம்.

"நெட்," என்றார் ஹெப்ஸிபா. "அந்தப் பூட்டு இரும்புங்களைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. என் கண்ணாடியில பனி."

நெட் குனிந்தான். "இரும்பு மேடம். கறுப்பா, சிவப்பு லீவருக்கு எதிரியா, பரம சாதுவா இருக்கு. திருகாணி போட்டு இறுக்கியிருக்கு."

"திருகாணி எப்படி இருக்கு?"

"மத்த எல்லாத் திருகாணியிலயும் பெயின்ட் கலையலை. இந்த வரிசையில மட்டும்..." அவன் இன்னும் குனிந்தான். "தலையெல்லாம் மழுங்கி, காடி பிய்ஞ்சு, எங்க மாமா பல்லு மாதிரி இருக்கு. முப்பது வருஷம் புகையிலை போட்டவர்."

"கட்டி முடிச்சு இன்னும் பெயின்ட் வாசனையே போகலை. இந்தத் திருகாணிக்கு மட்டும் எப்படி வயசாச்சு?"

"ஃபிட்டர் பையன் புதுசு," என்றார் ப்ளன்ட் அவசரமாக. "கழட்டிக் கழட்டி மாட்டுவான்."

"அதானே! எங்களுக்கு என்ன தெரியும்!" ஹெப்ஸிபா திடீரென்று வெகுளியாகிவிட்டார். நெட் உஷாரானான். அம்மையார் வெகுளியானால் எதிரில் இருப்பவர் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. "இந்த லைன்ல உங்க கேபின் எத்தனை, மிஸ்டர் ப்ளன்ட்?"

"அஞ்சு! அஞ்சும் ஒரே வரைபடம், ஒரே அச்சு. பலகையெல்லாம் என் பட்டறையிலேயே அறுத்து ரயில்ல ஏத்தி வருது. செங்கல் மட்டும்தான் உள்ளூர். இங்க கழட்டின ஜன்னலை அங்க மாட்டலாம், அங்க கழட்டின கதவை இங்க மாட்டலாம். ஒரு நூல் பிசகாது!"

"அடேயப்பா. மிஸ்டர் ஹார்க்னஸ், ஒரு சின்ன உதவி. இந்த அறையைப் பூட்டி உங்க அரக்கு முத்திரையை வெச்சிடுங்களேன். நாளைக்கு மறுநாள் வரைக்கும் யாரும் உள்ள வரவேண்டாம்."

ப்ளன்ட்டின் வயிறு ஒரு அங்குலம் உள்ளே போனது.

"முத்திரையா? எதுக்கு? எண்ணெய் போடணுமே!"

"இப்பவே போடுங்க. காத்திருக்கோம்."

"இப்ப இல்லை, ராத்திரி... சூடு ஆறின பிறகு..."

"எரியாத அடுப்புக்கு என்னய்யா சூடு?" என்றான் நெட்.

"ஒரு சின்னச் சரிபார்ப்பு பாக்கி இருக்கு! காலையில திருப்பி..." ப்ளன்ட் நிறுத்திக்கொண்டார்.

"திருப்பி?" ஹெப்ஸிபா புருவத்தை உயர்த்தினார். "காலையில என்ன விசேஷம், மிஸ்டர் ஹார்க்னஸ்?"

ஹார்க்னஸ் ப்ளன்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திருகாணிகளைப் பார்த்தார். மறுபடி ப்ளன்ட்டைப் பார்த்தார். "நாளைக் காலையில கர்னல் வர்றார்," என்றார் மெதுவாக. "அடுத்த கேபினைச் சோதிக்க. ஹாப்பர் லேன்."

பிறகு ஹார்க்னஸ் கதவைச் சாத்தி முத்திரை வைத்தார். யார்டில் சும்மா புகைவிட்டுக் கொண்டிருந்த ஒரு எஞ்சினை நிறுத்தி, "ஏறுங்க எல்லாரும்," என்றார். ப்ளன்ட் தன் உடம்புக்கு முடியவில்லை என்றார். நெட் பின்னாலிருந்து தாராளமாகத் தோள் கொடுத்து ஏற்றிவிட்டான்.

ஹாப்பர் லேன் கேபின் டன்னிங்கோட்டின் இரட்டைப் பிள்ளை. அதே ஜன்னல், அதே படிக்கட்டு, அதே பூவேலை. ப்ளன்ட் சாவி தொலைந்துவிட்டது என்றார். ஹார்க்னஸிடம் இன்னொன்று இருந்தது.

"நெட், நீ மேல போ. முதல்ல ஒன்பது, அப்புறம் மூணு. நாங்க கீழ நிக்கறோம்."

நெட் ஏறினான். லீவர்கள் கண்ணாடிபோல் மின்னின. கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஜோப் வெதராலின் குரல் காதில் கேட்டது. அவனிடம் இருந்த ஒரே துணி பன்றிக்கறிப் பையைச் சுற்றியிருந்த துணிதான். அதை உருவினான்.

ஒன்பது வந்தது. மூன்றைப் பிடித்தான். கொஞ்சம் முனகியது. கீழே ஏதோ 'படக்'கென்று ஒடிந்தது. லீவர் குழைந்துகொண்டு அவன் மார்போடு வந்து சேர, நெட் பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

"வந்துடுச்சு மேடம்!" என்று கத்தினான். "ரெண்டும் வந்துடுச்சு! அக்கா தங்கச்சி மாதிரி கை கோத்துக்கிட்டு வந்துடுச்சு!"

தட்டுத் தடுமாறிக் கீழே ஓடினான். ஹெப்ஸிபா கையில் ஒடிந்த ஒரு துண்டு. வெளியே கறுப்புப் பெயின்ட். ஒடிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று தேவதாரு மரம்.

"தற்காலிகம்!" என்று ப்ளன்ட் அலறினார். "வார்ப்படச்சாலையில தாமதம்! இரும்பு வர்ற வரைக்கும்தான்!"

"இரும்பு வந்துடுச்சே. ஒரே ஒரு செட்," என்றார் ஹெப்ஸிபா. "கர்னல் எந்தக் கேபினுக்குப் போறாரோ, அவருக்கு முந்தின நாள் அது அங்க போயிடும். அவர் சபாஷ் சொல்லிட்டுப் போனதும் கழட்டி அடுத்த கேபினுக்கு. பழைய இடத்துல பெயின்ட் அடிச்ச கட்டை. புதன்கிழமை கிரிம்லி மறந்தப்ப அந்தக் கட்டைதான் நொறுங்குச்சு. நீங்க ராத்திரியோட ராத்திரியா இங்கிருந்து இரும்பை எடுத்துட்டுப் போய் அங்க மாட்டி, பிடிக்குதான்னு மேல போய் லீவரை இழுத்துப் பாத்தீங்க. துணி இல்லாம."

"ஒரே பல் செட்டை வெச்சு அஞ்சு கிழவங்களுக்குக் கறி விருந்து போட்டிருக்காரு," என்றான் நெட்.

ஹார்க்னஸ் அந்த மரத்துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரி. ஆனாலும் கிரிம்லி பாயின்ட்டை மறந்தது மறந்ததுதானே, மிஸஸ் குரோல்?"

"மனுஷன் மறப்பான்னு தெரிஞ்சுதானே இவ்வளவு இரும்புக்கு ஆர்டர் கொடுத்தீங்க? மறக்காத ஆள் கிடைச்சா கேபின் எதுக்கு? ஒரு கொடியைக் கொடுத்து வெளிய நிக்க வெச்சாப் போதாதா?"

ஹார்க்னஸ் மரத்துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எஞ்சினில் திரும்பும்போது எல்லாக் கேபினுக்கும் தந்தி அடிக்கவேண்டும், ஒவ்வொரு பாயின்ட்டிலும் கொடியோடு ஆள் நிற்கவேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

பிற்பகல் ரயில் பிளாட்பாரத்தில் நின்றது. கான்ஸ்டபிளும் தயாராக இருந்தார். ஆள் மட்டும் மாறியிருந்தார். கிரிம்லிக்காகக் கொண்டுவந்த விலங்கு ப்ளன்ட்டின் மணிக்கட்டில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஏறுங்கள் என்றதும் ப்ளன்ட் கதவைப் பிடித்துக்கொண்டு முரண்டு பிடித்தார்.

"குதிரை வண்டி கிடைக்காதா? நடந்துகூட வரேன்!"

"ஏன், ரயிலுக்கு என்ன?" என்றார் கான்ஸ்டபிள்.

"அந்த வழியில இன்னும் மூணு கேபின் இருக்குய்யா!" என்றார் ப்ளன்ட், கிட்டத்தட்ட அழுதுகொண்டே. "மூணும் நான் கட்டினது!"

நெட் சிரித்த சிரிப்பில் பிளாட்பாரத்தில் நின்ற ஒரு நாய் எழுந்து ஓடியது. கொடிக்கார ஆட்கள் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று ப்ளன்ட்டிடம் சொல்ல ஹார்க்னஸுக்கு ஏனோ மனம் வரவில்லை.

கேபினில் கிரிம்லி வாசல் மிதியடியில் பூட்ஸைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். படிக்கட்டின் அடியில் செலீனா நின்றாள்; இப்போதுதான் அழுதாள், அழுதபடியே சிரித்தாள். ஜோப் தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார். கிரிம்லி அதை வாங்கி, மூன்றாம் எண் லீவரின் மேல், ப்ளன்ட்டின் துருக் கையின் மேல், போர்த்திப் பிடித்தார்.

ஆனால் இழுக்கவில்லை. லீவரை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியைத் தள்ளித் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, தண்டவாளம் பிரிகிற இடத்தைப் பார்த்தார். திரும்பி வந்து, ஏற்கெனவே சரியாக இருந்த ஒன்பதை இன்னொரு தடவை அழுத்தினார். மறுபடி ஜன்னலுக்குப் போனார். கீழே எஞ்சின் டிரைவர் விசிலை ஊதிவிட்டு, சிக்னல்காரர்களின் பரம்பரையையே இழுத்து வைது கொண்டிருந்தான்.

"யோவ் கிரிம்லி, இழுய்யா," என்றார் ஜோப். "கீழ இருக்கிறது அசல் இரும்பு. உனக்குத்தான் தெரியுமே."

கிரிம்லி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"புதன்கிழமையும் எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது," என்றார்.